அப்பாவின் முழங்காலும் எட்டடி கேட்டும்: டிஃபெண்டரா, எக்ஸ்5-ஆ, எக்ஸ்சி90-ஆ?

ஏலத்தோட்டம்_போடி
சனி, இரவு 9.40

வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வீடு போடியில், ஏலக்காய்த் தோட்டம் எல்லை தாண்டி கேரளாவில் பூப்பாறைப் பக்கம். வாரத்தில் நாலு நாள் போடிமெட்டு மலைப்பாதை ஏறி இறங்குவேன். பதினேழு கொண்டை ஊசி வளைவு. மேலே போகப் போகப் பனிமூட்டம், அந்தப் பக்கம் இறங்கினால் மழை. தோட்டத்துக்குள் கடைசி இரண்டு கிலோமீட்டர் கல்பாதை. இப்போது ஓடுவது பதினோரு வருஷத்து எஸ்யூவி ஒன்று, அப்புறம் தோட்ட வேலைக்குப் பழைய கமாண்டர் ஜீப்.

இந்த வருஷம் காய்க்கு விலை கிடைத்தது. நல்ல வண்டி ஒன்று எடுக்கலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஒரு கோடியைச் சுற்றி. பார்த்து வைத்திருப்பது மூன்று: லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, பிஎம்டபிள்யூ எக்ஸ்5, வோல்வோ எக்ஸ்சி90. மெர்சிடிஸ் ஜிஎல்எஸ் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் 5.2 மீட்டர் நீளத்தைப் பதினேழு வளைவில் திருப்ப எனக்குத் தெம்பில்லை.

எஞ்சின், மைலேஜ் பற்றிக் கேட்கவில்லை. மூன்றுமே மலை ஏறும். எனக்குத் தெரிய வேண்டியது வெளி உடம்பும் அன்றாட வசதியும். அப்பாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆனாலும் வாரம் ஒரு தடவையாவது தோட்டத்தைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. இப்போதைய வண்டியில் அவர் ஏறும்போது மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, ஒரு நிமிஷம் மூச்சு வாங்கித்தான் உட்காருகிறார். அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஷோரூமில் எல்லாமே அழகாகத் தெரிகிறது. தரை வழவழப்பு, மேலே விளக்கு வரிசை, வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் பத்தடி இடம். என் தோட்டத்து கேட் எட்டடி. இரண்டு பக்கமும் கருங்கல் தூண். அங்கே வைத்துப் பார்த்தால் எந்த வண்டி நல்ல வண்டி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை_ரோடு
சனி, இரவு 10.15

தம்பி, கண்ணை மூடிக்கொண்டு டிஃபெண்டர் எடு. 2019-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் காட்டிய நாளிலிருந்து எனக்கு அந்த வடிவத்தின் மேல் ஆசை. நேராக நிற்கும் பின்பக்கம், கதவில் தொங்கும் ஸ்டெப்னி, கூரை ஓரத்தில் இரண்டு குட்டி ஜன்னல். பழைய வண்டியை அப்படியே நகல் எடுக்காமல் அதன் முகத்தை மட்டும் காப்பாற்றியிருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் பழசாகத் தெரியாது. சித்தூர் போகும் வழியில் ஒன்று எதிரே வந்தால் இன்றைக்கும் வண்டியை ஓரம் கட்டிப் பார்ப்பேன்.

எங்கள் ஊருக்கும் அந்தக் கம்பெனிக்கும் இப்போது சொந்தம் வந்துவிட்டது. பனப்பாக்கத்தில் டாட்டா, ஜேஎல்ஆர் (ஜாகுவார் லேண்ட் ரோவர்) ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்.

குமுளி_காத்து
ஞாயிறு, காலை 7.05

அண்ணே, நான் கம்பத்திலிருந்து குமுளிக்குத் தினமும் ஓட்டுகிறேன். அழகை அப்புறம் பேசுவோம். முதலில் டேப்பை எடுங்கள்.

உங்கள் கேட் எட்டடி என்றால் 2,438 மில்லிமீட்டர். விளம்பரத் தாளில் போடும் அகலம் பெரும்பாலும் இரண்டு பக்கக் கண்ணாடியைச் சேர்க்காதது. நீங்கள் தூணுக்குள் நுழையும்போது கண்ணாடி விரிந்துதான் இருக்கும். கண்ணாடியோடு சேர்த்து டிஃபெண்டர் 2,105, எக்ஸ்சி90 2,140, எக்ஸ்5 2,218. கழித்துப் பாருங்கள். டிஃபெண்டரில் பக்கத்துக்குப் பதினாறு சென்டிமீட்டர் மிஞ்சும், எக்ஸ்சி90-ல் பதினைந்து, எக்ஸ்5-ல் பதினொன்று. பார்வைக்கு மூன்றிலும் முரடாகத் தெரிகிற டிஃபெண்டர்தான் கேட்டில் கொஞ்சம் தாராளமாக நுழைகிறது. பெட்டி மாதிரி இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பானெட்டின் இரண்டு மூலையும் டிரைவர் சீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும். வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும் பானெட் உள்ள வண்டிகளில் மூலை எங்கே முடிகிறது என்று மனக்கணக்குதான் போட வேண்டும். மெட்டில் எதிரே கேரளா பஸ் வந்து நிற்கும்போது அந்த மூலை தெரிவது எவ்வளவு நிம்மதி என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

அப்பா ஏறும் விஷயத்துக்கு வருகிறேன். இதை ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். கதவைத் திறந்து, கீழே வாசற்படி மாதிரி இருக்கும் பட்டையைப் பாருங்கள். சில வண்டிகளில் கதவு அந்தப் பட்டையையும் மூடிக்கொண்டு கீழே வரை இறங்கும். சிலவற்றில் பட்டை வெளியே தெரியும். வெளியே தெரிந்தால் மழை நாளில் சேறு முழுக்க அங்கேதான் அப்பும். இறங்கும்போது சேலைக் கரையிலும் வேட்டியிலும் ஒரு கோடு சேறு நிச்சயம். ஃபுட்போர்டு போட்டால் இன்னும் மோசம், அதைத் தாண்டிக் காலை நீட்டி வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு அகலமான ஃபுட்போர்டு உதவும் என்று நினைத்துத்தான் எங்கள் வீட்டில் போட்டோம். ஏறும்போது உதவியது. இறங்கும்போது அம்மாவின் கெண்டைக்கால் இரண்டு தடவை அதில் இடித்தது. கழற்றிவிட்டோம்.

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) இருந்தால் வண்டியே இறங்கி நிற்கும். டிஃபெண்டரில் ஏறி இறங்கும் உயரம் என்று ஒரு நிலை உண்டு, வழக்கத்தைவிட 50 மில்லிமீட்டர் தாழும். எக்ஸ்சி90-யும் நிறுத்தியதும் தாழும். ஆனால் எங்கிருந்து தாழ்கிறது என்பதைப் பாருங்கள். மாடியிலிருந்து இரண்டு அங்குலம் இறங்கினாலும் மாடி மாடிதான். அப்பாவை நேரில் கூட்டிப்போய், மூன்றிலும் ஏற்றி இறக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

செங்கோட்டை_சாரல்
ஞாயிறு, காலை 11.30

குமுளி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் வசதிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாலு வருஷமாக ஒரு ஜெர்மன் எஸ்யூவி ஓட்டுகிறேன், பெயர் வேண்டாம். புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் வரை மாதம் மூன்று தடவை போவேன்.

முதலில் பெரிய கண்ணாடிக் கூரை. எல்லோரும் ஆசைப்படுவார்கள், நானும் ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். குற்றாலச் சீசனில் சாரல் அடிக்கும்போது அதற்குக் கீழே உட்கார்ந்து போவது சொர்க்கம்தான். ஆனால் அந்தக் கூரை தண்ணீரே உள்ளே விடாது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ரப்பர் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். அதை ஒரு தகரத் தொட்டி மாதிரியான தடம் வாங்கி, நாலு மூலையில் இருக்கும் மெல்லிய குழாய் வழியாகக் கதவுத் தூண்களுக்குள் இறக்கிக் கீழே விட்டுவிடும். அந்தக் குழாயில் இலைத்தூசியும் பாசியும் அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் சீட்டுக்கும் தரைவிரிப்புக்கும் வரும். ஒரு ஜூலையில் எனக்கு அதுதான் நடந்தது. விரிப்புக்கு அடியில் ஒயரிங் ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காயவைத்துச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது.

ஏலத்தோட்டத்தில் வண்டியை மர நிழலில்தான் நிறுத்துவீர்கள். இலை விழாமல் இருக்காது. மாதம் ஒரு தடவை கூரையைத் திறந்து அந்தத் தடத்தைத் துணியால் துடையுங்கள். முன் மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் கீழே சொட்டினால் குழாய் சுத்தம். சொட்டவில்லை என்றால் சர்வீஸில் காட்டுங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிடும்.

அடுத்தது, காலை நீட்டினால் திறக்கும் டிக்கி. பம்பருக்குள் இரண்டு உணர்கம்பி இருக்கும். கால் கிட்டே வந்து விலகுவதை அது பார்க்கிறது. பக்கவாட்டில் ஆட்டினால் வேலை செய்யாது, நேராக உள்ளே விட்டு உடனே இழுக்க வேண்டும். கையில் மூட்டை இருக்கும்போது அருமையான வசதி. ஆனால் சாவி சட்டைப் பையில் இருக்க, பம்பரில் பைப்பால் தண்ணீர் அடித்தால் அதையும் கால் என்று எடுத்துக்கொண்டு கதவு மேலே போகும். வண்டி கழுவும்போது சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், அல்லது மெனுவில் அணைத்துவிடுங்கள். தாழ்வான ஷெட்டில் நிறுத்துபவர்கள் டிக்கி கதவு எவ்வளவு உயரம் போகலாம் என்று பதிந்து வைக்கலாம். வேண்டிய உயரத்தில் கையால் நிறுத்தி, மூடும் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான வண்டிகள் நினைவில் வைத்துக்கொள்ளும். எத்தனையோ பேர் இது தெரியாமல் ஷெட் தகரத்தில் பெயிண்டை உரசியிருக்கிறார்கள்.

டிங்கர்_தேனி
ஞாயிறு, மாலை 6.20

எனக்கு டிங்கர் வேலையில் இருபத்திரண்டு வருஷம். விலை உயர்ந்த வண்டியின் உடம்பைப் பற்றி நான் பேசாமல் யார் பேசுவது.

டிஃபெண்டர் உடம்பு முழுக்க அலுமினியம். பழைய ஜீப் மாதிரி தனி சேஸிஸ் கிடையாது, உடம்பும் சட்டமும் ஒன்றே. அலுமினியம் துருப்பிடிக்காது, எடை குறைவு. ஆனால் அடி வாங்கினால் தகரத்தைத் தட்டி எடுக்கிற மாதிரி எடுக்க முடியாது. வளைந்ததைத் திரும்ப வளைத்தால் கீறல் விடும். பல இடங்களில் பசையும் ரிவெட்டும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். இரும்பு வேலை செய்த கிரைண்டரை அதன் மேல் வைத்தால் இரும்புத்தூள் ஒட்டி, ஈரம் பட்டதும் அரிக்க ஆரம்பிக்கும். அதற்கென்று தனி அறை, தனிக் கருவி வேண்டும். என் பட்டறையில் அது இல்லை, அதனால் அந்த வேலையை நான் எடுப்பதில்லை. வந்தவர்களைத் திருப்பித்தான் அனுப்பியிருக்கிறேன். வோல்வோவில் நிறைய இடத்தில் போரான் கலந்த எஃகு. பயணிகளைக் காப்பாற்றுவதில் அதற்கு ஈடில்லை. ஆனால் அதைச் சூடு காட்டி நிமிர்த்தக் கூடாது, பலம் போய்விடும். அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். ஆக எந்த வண்டி எடுத்தாலும் தேய்மானம் கழிக்காத இன்சூரன்ஸ் போடு தம்பி. பம்பர் டு பம்பர் என்பார்களே, அதுதான். அதில் கை வைத்துச் சிக்கனம் பார்க்காதே.

இன்னொன்று. இந்தக் காலத்து வண்டிக்கு முகத்திலேயே கண் இருக்கிறது. ரேடார். மெர்சிடிஸில் நடுவில் இருக்கும் நட்சத்திரம் தட்டையாகக் கண்ணாடி மாதிரி இருந்தால் அதன் பின்னால் ரேடார் என்று அர்த்தம். மற்ற வண்டிகளில் கிரில்லுக்குள்ளோ பம்பர் அடியிலோ இருக்கும். அங்கே சேறு அப்பினால் முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாக பிரேக் போடுகிற வசதி அணைந்துவிட்டதாக எச்சரிக்கை காட்டும். துடைத்தால் சரியாகிவிடும். அந்த இடத்தில் பட்டி பூசியோ தடிமனாக பெயிண்ட் அடித்தோ வைத்தால் சரியாகாது. அதனால் சின்ன உரசல் என்று ரோட்டோரக் கடையில் பம்பர் பெயிண்ட் அடிக்கும் பழக்கத்தை இந்த வண்டிகளோடு விட்டுவிட வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் தொழிலுக்குத்தான் நஷ்டம். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பிரேக் விஷயம்.

டயர். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், யாரும் இன்னும் சொல்லவில்லை. பெரிய வீல் போட்டால் வண்டிக்குக் கம்பீரம். உண்மைதான். ஆனால் டயரில் எழுதியிருக்கும் எண்ணைக் கணக்குப் போட்டுப் பார். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அதில் எத்தனை சதவீதம் ரப்பரின் உயரம், கடைசி எண் வீல் அளவு. 275/40 ஆர்21 என்றால் வீலுக்கும் தரைக்கும் நடுவில் ரப்பர் 110 மில்லிமீட்டர். 275/45 ஆர்20 என்றால் 124. டிஃபெண்டருக்கு வருகிற 255/60 ஆர்20 என்றால் 153. உன் கல்பாதையில் அந்த நாலு சென்டிமீட்டர் ரப்பர்தான் அலாய் வீலைக் காப்பாற்றும். 21, 22 அங்குலம் வேண்டாம் என்று ஷோரூமில் முதல் நாளே சொல்லிவிடு. ஸ்டெப்னி முழு அளவா, ஒல்லி டயரா என்றும் கேள். ஒல்லி டயரில் 80 கிலோமீட்டர் வேகம்தான் போகலாம், கல்பாதையில் அதை நம்பி இறங்க முடியாது. டிஃபெண்டர் கதவில் தொங்குவது முழு டயர்.

ராணிப்பேட்டை_ரோடு
ஞாயிறு, இரவு 8.00

அப்போ நான் சொன்னது சரிதானே!

குமுளி_காத்து
ஞாயிறு, இரவு 8.45

டயரில் சரி அண்ணே. ஆனால் அந்த ஸ்டெப்னி பின் கண்ணாடியை மறைக்கிறது. அதற்காகக் கூரைக்கு மேலே ஒரு கேமரா வைத்து, உள்ளே இருக்கும் கண்ணாடியையே திரை ஆக்கும் வசதி கொடுக்கிறார்கள். நல்ல வசதி. ஆனால் கண்ணாடியில் பார்க்கும்போது நம் கண் தூரத்தைப் பார்க்கிறது, திரையில் பார்க்கும்போது பக்கத்தைப் பார்க்கிறது. நாற்பத்தைந்து தாண்டி, பக்கத்தில் இருப்பதைப் படிக்கத் தனிக் கண்ணாடி போடுபவர்களுக்கு ரோட்டிலிருந்து திரைக்குக் கண் மாறி நிற்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பின்கதவும் வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும். சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தினால் திறக்க முடியாது. எக்ஸ்5-ல் பின்கதவு இரண்டாகப் பிரியும், மேல் பாதி ஒன்று, கீழ் பாதி ஒன்று. இடம் இல்லாத இடத்தில் மேல் பாதியை மட்டும் திறந்து பையை எடுக்கலாம். கீழ் பாதியைத் திண்ணை மாதிரி விரித்து உட்காரலாம். 1970-ல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரிலேயே இந்த யோசனை இருந்தது. ஐம்பது வருஷம் தாண்டியும் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் அதில் விஷயம் இருக்கிறது. தோட்டத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஏலத்தோட்டம்_போடி
ஞாயிறு, இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. டேப்பை எடுத்து கேட்டை அளந்தேன். தூணுக்குத் தூண் 2,430. கிட்டத்தட்ட சொன்ன அளவுதான்.

இரண்டு சந்தேகம். ஒன்று, மெட்டில் பனிமூட்டம். மஞ்சள் ஃபாக் லைட் இல்லாத வண்டியை எடுக்காதே என்று அப்பா சொல்கிறார். இப்போது வருகிற பெரிய வண்டிகள் பலவற்றில் முன்னால் தனி ஃபாக் லைட்டே இல்லை. இரண்டாவது, வெளியே ஒரு கம்பி பம்பரும் கண்ணாடிக்கு ஃபிலிமும் போட வேண்டும். எல்லை தாண்டினால் கேரளாவில் பிடிப்பார்களா?

பாலக்காட்டுக்_கணவாய்
திங்கள், காலை 9.15

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் சார். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே தினமும் போய் வருபவன்.

கம்பி பம்பர் எந்த மாநிலத்திலும் கூடாது. 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகமே எல்லா மாநிலத்துக்கும் எழுதிவிட்டது. நடந்து போகிறவர் மேல் பட்டால் எலும்பு மிஞ்சாது. வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் நல்லதில்லை, மோதலின் அதிர்ச்சி ஏர்பேக் சென்சாருக்குப் போகும் விதம் மாறிவிடும். டிங்கர் அண்ணன் சொன்ன ரேடாரையும் மறைக்கும்.

வேறு எந்த மாற்றமும் ஆர்.சி.யில் உள்ள நிலையை மீறக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான். நிறத்தை மாற்றினாலும் ஆர்.டி.ஓ.வில் எழுத வேண்டும். எங்கள் பக்கம் மோட்டார் வாகனத் துறை இதில் கண்டிப்பு.

ஃபிலிம் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்தது எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு மத்திய விதி திருத்தப்பட்டது. 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், தர முத்திரை உள்ள ஃபிலிம் ஒட்டி, முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வந்தால் அபராதம் போட முடியாது என்று சொல்லிவிட்டது. பில்லையும் தரச் சான்றையும் வண்டியில் வைத்திருங்கள். ஆனால் ஒன்று, கம்பெனிக் கண்ணாடியே கொஞ்சம் நிறம் உள்ளதாக இருந்தால் அதன் மேல் ஒட்டும் ஃபிலிமும் சேர்ந்து 50-க்குக் கீழே போய்விடும். ஒட்டிய பிறகு கடைக்காரரை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

செங்கோட்டை_சாரல்
திங்கள், மதியம் 1.40

ஃபாக் லைட்டுக்கு நான். நிறத்தைவிட உயரம்தான் முக்கியம். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட ரொம்பப் பெரியது, மஞ்சளையும் வெள்ளையையும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணுக்கு இதமாகத் தெரியும், அது வேறு. விளக்கு தரைக்குப் பக்கத்தில் இருந்து, வெளிச்சம் மேலே எழாமல் ரோட்டோடு படர்ந்தால் நம் கண்ணுக்குத் திரும்பி வரும் வெளிச்சம் குறையும். அதுதான் ஃபாக் லைட்டின் சூட்சுமம். ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்புவதும் இதனால்தான்.

புது வண்டிகளில் ஹெட்லைட்டுக்குள்ளேயே இந்த வேலையைச் செய்ய ஒரு நிலை வைத்திருக்கிறார்கள், வெளிச்சத்தைத் தாழ்த்தி அகலமாக விரிக்கும். பம்பர் அடியில் இருந்த பழைய விளக்குக்கு அது முழுக்க ஈடு என்று என் அனுபவத்தில் சொல்ல மாட்டேன். அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் டெஸ்ட் டிரைவை மத்தியான வெயிலில் தேனி ரோட்டில் வைக்காதீர்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மெட்டில் வையுங்கள். கேட்டால் தருவார்கள். பின் ஃபாக் லைட் பட்டன் எங்கே இருக்கிறது என்றும் அன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் லாரி வரும் ரோட்டில் அது உயிர் காக்கும். பனி விலகியதும் அணைத்துவிடுங்கள்.

டிங்கர்_தேனி
திங்கள், இரவு 7.30

நிறம் பற்றி ஒரு வார்த்தை. மேட் பெயிண்ட் வேண்டாம். அதில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். கறுப்பும் வேண்டாம், கம்பத்து வெயிலில் வேகும். கதவுத் தூணிலும் கிரில்லிலும் வைக்கும் பளபளப்புக் கறுப்புப் பிளாஸ்டிக் துணி பட்டாலே கோடு விழும். அந்த இடங்களுக்காவது பிபிஎஃப் (பெயிண்டைக் காக்கும் ஒளி ஊடுருவும் ஃபிலிம்) ஒட்டிவிடு. முழு வண்டிக்கும் ஒட்ட வசதி இல்லை என்றால் பானெட் முன்பாதி, பம்பர், கண்ணாடி முதுகு, பின்சக்கரத்துக்கு முன்னால் கல் தெறிக்கும் வளைவு, டிக்கி வாசல் விளிம்பு. இவ்வளவு போதும். மூட்டை இழுக்கிற வண்டிக்கு டிக்கி விளிம்புதான் முதலில் போகும்.

ஏலத்தோட்டம்_போடி
அடுத்த ஞாயிறு, இரவு 9.00

ஒரு வாரம் எழுத முடியவில்லை. மூன்று வண்டியையும் பார்த்தாயிற்று, இரண்டை விடியற்காலை மெட்டில் ஓட்டியாயிற்று.

டிஃபெண்டரை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் மனசு அதில்தான் இருந்தது. பானெட் மூலை தெரிவது, கல்பாதையில் 291 மில்லிமீட்டர் வரை உடம்பைத் தூக்கிக்கொள்வது, 900 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்குவது, எல்லாம் உண்மை. தோட்டத்து ஓடையில் மழைக்காலத்தில் முழங்காலுக்கு மேல் வராது, அதற்கு இது தாராளம். டேஷ்போர்டின் குறுக்கே ஓடும் மெக்னீசியக் கட்டையில் கைப்பிடி இருக்கிறது. அப்பா அதைப் பிடித்து முன் சீட்டில் ஏறினார். தாழ்த்தி நிறுத்தியிருந்தும் வலது காலை வைக்க இரண்டு தடவை முயன்றார். மூன்றாம் தடவை நான் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிய பிறகு, "நல்ல வண்டிப்பா, உனக்குப் பொருத்தமா இருக்கும்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

எக்ஸ்5-ன் பிரியும் பின்கதவு வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. ஓட்டவும் மூன்றிலும் இதுதான் சுகம். கேட்டை நினைத்து மட்டும்தான் பின்வாங்கினேன். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினோரு சென்டிமீட்டரை நம்பி வாரம் எட்டுத் தடவை நுழைய எனக்கு நெஞ்சு இல்லை.

எக்ஸ்சி90. 2025 மார்ச்சில் வந்த புது முகம், கிரில்லில் கோடுகள் சாய்வாகப் போகின்றன. முன்பு பார்த்தபோது சாதாரணமாகத் தெரிந்த வண்டி. டி எழுத்தைப் படுக்க வைத்த மாதிரி ஹெட்லைட்டைத் தவிர அலட்டலே கிடையாது. அப்பா கதவைத் திறந்து, முதலில் திரும்பி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருவாரே, அதே மாதிரி. யாரும் பிடிக்கவில்லை. உட்கார்ந்தவர் எழுந்து இறங்கி, மறுபடியும் தானாக ஏறினார். அம்மா பின்சீட்டில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

டிக்கியின் உள்பக்கச் சுவரில் ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் வண்டியின் பின்பக்கம் மட்டும் தாழ்கிறது. நான் கொண்டுபோன ஐம்பது கிலோ காய் மூட்டையை வைத்துப் பார்த்தேன். விற்பனைப் பையன் கொஞ்சம் பதறினான், அடியில் சாக்கு விரித்திருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் விட்டான். தூக்கி வைக்க இடுப்பு வளைவது நன்றாகவே குறைகிறது.

கடைசி இரண்டு கிலோமீட்டர் கல்பாதை மட்டும்தான் உறுத்தியது. ஏர் சஸ்பென்ஷனைத் தூக்கி வைத்தால் போய்விடலாம், போயும் பார்த்தோம், அடி தட்டவில்லை. ஆனால் மழைக்காலத்தில் வேண்டாம். வண்டி கேட்டுக்கு உள்ளே ஷெட்டில் நிற்கும், அங்கிருந்து எப்போதும் போல ஜீப். ஜீப்பில் ஏற அப்பாவுக்கு ஒரு படிக்கட்டு செய்துவிட்டோம். ஆசாரி இரண்டு நாளில் முடித்தார்.

20 அங்குல வீலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளை நிறம். டிக்கி விளிம்புக்கும் கண்ணாடி முதுகுக்கும் பிபிஎஃப். கம்பி பம்பர் இல்லை.

குமுளி_காத்து
அடுத்த ஞாயிறு, இரவு 9.20

திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்தார் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டு இடுப்பு உயரத்தில் இருந்தால்தான் அது முடியும். நல்ல முடிவு அண்ணே.

ராணிப்பேட்டை_ரோடு
அடுத்த ஞாயிறு, இரவு 9.45

அப்பாவுக்காக எடுத்த முடிவு என்றால் நான் டிஃபெண்டருக்காக வாதாட மாட்டேன் தம்பி. வாழ்த்துகள்.

டிங்கர்_தேனி
அடுத்த ஞாயிறு, இரவு 10.30

டெலிவரி எடுக்கும் முன் பகல் வெளிச்சத்தில், வெளியே நிறுத்தச் சொல்லிப் பார். ஷோரூம் விளக்கில் பெயிண்ட் குறை தெரியாது. கதவுக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழே வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார். நாலு கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் திறந்து ஸ்க்ரூ தலையைப் பார். ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், ஏன் என்று கேள். தேனியில் எடுப்பதாக இருந்தால் சொல், நானே வருகிறேன்.

ஏலத்தோட்டம்_போடி
அடுத்த ஞாயிறு, இரவு 10.50

கண்டிப்பாக வாருங்கள் அண்ணே. டெலிவரி மதுரையில், காலை பத்து மணி. விடியற்காலை நானே வந்து உங்களைக் கூட்டிப்போகிறேன். கேட்டின் இடது தூணை ஒரு அடி தள்ளிக் கட்டக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், வண்டி வருவதற்குள் முடித்துவிடுவார்.